ரஷ்ய கிராமத்துப் பாட்டு உண்மையில எப்படி இருக்கும், அதை எப்படிப் பாடுவாங்க?

கேள்வி சுருக்கமா இதுதான்: ரஷ்ய நாட்டுப்புறப் பாட்டுன்னு தேடினா கலிங்கா, கத்யூஷா, மிலிட்டரி யூனிஃபார்ம்ல வரிசையா நிக்கிற கோரஸ், பலலைக்கா, இதுவேதான் திரும்பத் திரும்ப வருது. இதுதான் பாரம்பரியமா, இல்ல இதுக்குப் பின்னாடி வேற எதாவது இருக்கா? இருந்தா அதோட குணம் என்ன, எப்படிப் பாடினாங்க, ஏன் பாதிப் பாட்டு இவ்ளோ சோகம்?

இருக்குங்க, நிறையவே இருக்கு. கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க, ஏன்னா இதை ரெண்டு வரியில சொன்னா தப்பாத்தான் புரியும்.

மொதல்ல அந்த ஃபேமஸ் லிஸ்ட்டை முடிச்சிடலாம். கலிங்காவை 1860ல சரத்தோவ் ஊர்ல இவான் லாரியோனோவ்ங்கிறவர் ஒரு நாடக நிகழ்ச்சிக்காக எழுதினார். கத்யூஷா 1938, மெட்டு மத்வே பிளான்ட்டர், வரி மிகயீல் இசக்கோவ்ஸ்கி, ரெண்டு பேருமே சோவியத் காலத்துல இதையே தொழிலா பண்ணவங்க. டெட்ரிஸ் கேம்ல ஓடுற அந்த மியூசிக் இருக்கே, அது கரபேய்னிகின்னு ஒரு பாட்டு, நெக்ராசோவ்ங்கிற கவிஞர் 1861ல எழுதின நீளக் கவிதையிலேருந்து கொஞ்சத்தை ஜனங்க எடுத்துப் பாடிப் பாடி தங்களோடதா ஆக்கிக்கிட்டது. ஸ்தென்கா ராசின்ங்கிற கலகத் தலைவன் பாரசீக இளவரசியை வோல்கா ஆத்துல தூக்கிப் போடுற பாட்டும் சதோவ்னிகோவ்ங்கிற கவிஞர் எழுதினதுதான். இதெல்லாம் நல்ல பாட்டுங்க, நான் மட்டம் தட்டல, ஆனா பாட்டி, கொள்ளுப்பாட்டி வழியா வந்த கிராமத்துப் பாட்டு எப்படி இருக்கும்னு கேட்டா இதை வெச்சு ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. பலலைக்கா ஆர்கெஸ்ட்ராவும் அப்படித்தான். 1880கள்ல வசீலி அந்திரேயெவ்ங்கிறவர் கிராமத்துல கிடந்த அந்த மூணு தந்தி வாத்தியத்தைத் திருத்தி, சின்னது பெருசுன்னு பல சைஸ்ல செய்ய வெச்சு, 1888ல பீட்டர்ஸ்பர்க்ல ஒரு குழுவா மேடையேத்தினார். நாம 'ஆதிகாலத்து ரஷ்யா'ன்னு நெனைக்கிற அந்த சவுண்டுக்கு வயசு அவ்வளவுதான்.

பழைய பாட்டுக்கு பெரும்பாலும் வாத்தியமே கிடையாது. 1648ல ஜார் அலெக்ஸெய் மிகைலோவிச் ஊர் ஊரா போற கூத்தாடிங்களோட வாத்தியங்களை உடைச்சு எரிக்கச் சொல்லி ஆணை போட்டது நிஜம், அதனாலதான் வாத்தியம் இல்லாம போச்சுன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அது முழுக் காரணமா படல. டான்ஸ் பாட்டுக்கு வாத்தியம் கடைசி வரைக்கும் கூடவே இருந்துச்சு. நான் சொல்லப் போற வகைப் பாட்டுக்கு வாத்தியம் இல்லாததுக்குக் காரணம் அந்தப் பாட்டோட நடைதான். அது மூச்சை வெச்சு நகர்ற பாட்டு, எண்ணி எண்ணித் தட்டுற தாளம் அதுல ஒட்டாது.

அந்த வகைக்குப் பேரு ப்ரத்யாஷ்னயா. இழுத்துப் பாடுற பாட்டு. 16, 17ஆம் நூற்றாண்டு வாக்குல உருவானதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. கல்யாணப் பாட்டு, ஒப்பாரி, வசந்தத்தைக் கூப்பிடுற பாட்டு, வட்டமா ஆடுற பாட்டு, வீரகதைப் பாட்டுன்னு இன்னும் எத்தனையோ வகை இருக்கு, ஒவ்வொண்ணைப் பத்தியும் தனியா எழுதலாம். ஆனா ரஷ்யப் பாட்டோட உயிர் எங்க இருக்குன்னு என்னைக் கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன், அதனால இங்க இதுலயே நிக்கிறேன்.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கலாம், லூச்சினூஷ்கா. லூச்சினான்னா மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத காலத்துல வீட்டுக்குள்ள வெளிச்சத்துக்குக் கொளுத்துற மரச் சிராய். பிர்ச் கட்டையை நீள நீளமா மெல்லிசா பிளந்து, அடுப்புல நல்லா காய வெச்சு, ஒரு இரும்புக் கவ்வியில செருகிக் கொளுத்துவாங்க, கீழ விழுற பொறி வீட்டைப் பிடிச்சிடக் கூடாதுன்னு அடியில தண்ணி வெச்சிருப்பாங்க. ஒரு சிராய் சீக்கிரமே எரிஞ்சு முடிஞ்சிடும், யாராவது ஒருத்தர் பக்கத்துலயே இருந்து மாத்திக்கிட்டே இருக்கணும். குளிர்கால ராத்திரி ரொம்ப நீளம், பொண்ணுங்க ஒரு வீட்ல கூடி இந்த வெளிச்சத்துல உக்காந்து நூல் நூப்பாங்க, கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாடும். அங்க பாடின பாட்டு இது.

பாட்டுல ஒரு பொண்ணு அந்த சிராயைக் கேக்குறா: பிர்ச் சிராயே, நீ ஏன் பளிச்சுனு எரிய மாட்டேங்குற, ஏன் சுடர் விட மாட்டேங்குற, அடுப்புல காயலையா? அது பதில் சொல்லுது: நேத்து ராத்திரி அடுப்புலதான் இருந்தேன், பொல்லாத மாமியார் என் மேல தண்ணியை ஊத்திட்டா. அப்புறம் இவ தோழிங்களைப் பார்த்து, நீங்கள்லாம் போய்ப் படுங்கடி, உங்களுக்குக் காத்திருக்க ஆள் இல்ல, எனக்குத்தான் ராத்திரி பூரா தூக்கம் கிடையாதுங்குறா. முதல் தூக்கம் தூங்கினேன், அவன் வரல, ரெண்டாவது தூக்கம், அப்பவும் வரல, மூணாவது தூக்கத்துல விடிஞ்சிருச்சு. ஊருக்கு ஊர் வரிகள் மாறும், சில ஊர்ல விடியும்போது அவன் வந்துடுறான், சில ஊர்ல சிராய் பேசுறதோடயே பாட்டு நின்னுடுது. (லூச்சினூஷ்கான்னு தேடினா, காத்து கிளையை வளைக்கலன்னு ஆரம்பிக்கிற இன்னொரு பாட்டும் வரும், அது 1840 வாக்குல ஸ்த்ரோமிலோவ் எழுதின கவிதை, வேற பாட்டு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.)

கவனிச்சீங்கன்னா, 'நான் கஷ்டப்படுறேன்'னு ஒரு வார்த்தை பாட்டுல இல்ல. ஈரச் சிராய் எப்படி எரியும்? புகையும், சீறும், கண்ணை எரிக்கும், வெளிச்சம் மட்டும் தராது. புகுந்த வீட்ல ஒரு பொண்ணோட நிலைமையை அந்த ஒரு பொருளை வெச்சே சொல்லியாச்சு. அதுக்கு மேல விளக்கம் கிடையாது. இந்தப் பாட்டுகளோட மொழியே இப்படித்தான், பிர்ச் மரம், ஆறு, குதிரை, கழுகு, வயல் நடுவுல போற பாதை, இதை முன்னாடி நிறுத்தி ஒரு கேள்வி கேப்பாங்க, மனுஷங்க விஷயம் அதுக்கு அடுத்து தானா வரும். வாசிச்சா ஒரு நிமிஷத்துல முடியுற வரிகள் இது. பாடினா அஞ்சு நிமிஷத்துக்கு மேல போகும். அந்த எக்ஸ்ட்ரா நேரத்துல என்ன நடக்குதுங்கிறதுதான் உங்க கேள்விக்கு நிஜமான பதில்.

பாட்டு ஒரே ஒரு குரல்ல ஆரம்பிக்கும். ஆரம்பிச்சு வைக்கிறவங்களுக்கு ஜபெவாலான்னு பேரு, அவங்க தன் இஷ்டத்துக்கு ஒரு சுருதியைப் பிடிச்சு நாலஞ்சு அசை பாடுவாங்க. மத்தவங்க அவங்க முடிக்கட்டும்னு காத்திருக்க மாட்டாங்க, வார்த்தையோட நடுவுலயே உள்ள வந்துடுவாங்க. வர்றவங்க எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுறதும் இல்ல, நாம கோரஸ்ல கேக்குற மாதிரி சோப்ரானோ ஒரு லைன், ஆல்டோ ஒரு லைன்னு பிரிச்சுக் குடுத்தும் வெக்கல. ஒவ்வொருத்தரும் அந்த மெட்டைத் தனக்குத் தெரிஞ்ச மாதிரி பாடுறாங்க. ஒருத்தி மேல ஏறுவா, இன்னொருத்தி அதே இடத்துல கீழ தங்கிடுவா, மூணாவது ஆள் நடுவுல ஒரு சின்ன வளைவு போட்டு ரெண்டு பேர்ல ஒருத்தரோட சேர்ந்துக்குவா, சடை பின்றப்போ மூணு கால் முடியும் இடம் மாறி மாறி வந்து கூடுற மாதிரி. அடி முடியுற இடத்துல எல்லாக் குரலும் ஒரே சுரத்துல, இல்ல எட்டு சுரம் தள்ளி, கச்சிதமா வந்து நிக்கும். அந்த நிக்கிற இடம் கேட்டா உடம்புல ஒரு ஷாக் மாதிரி இருக்கும், அவ்வளவு நேரம் கலைஞ்சு திரிஞ்ச சத்தம் சட்டுனு ஒண்ணா ஆகிடுது. மெயின் மெட்டுக்குக் கூடவே ஓடுற அந்தக் கிளைக் குரலுக்கு பத்கலோசக்னு பேரு. அடுத்த அடியில அதே ஆளுங்க அதே இடத்துல வேற மாதிரி பாடுவாங்க. ஏன் மாத்தினீங்கன்னு கேட்டா மாத்தலையே, அதே பாட்டுதானேன்னுதான் பதில் வரும்.

இது படிச்சவங்க காதுக்கு எட்டவே ரொம்ப நாள் ஆச்சு. 1790ல லிவோவ், ப்ராச் ரெண்டு பேர் போட்ட பெரிய பாட்டுத் தொகுப்பு ஒண்ணு வந்துச்சு, பீத்தோவன் கூட அதுலேருந்து மெட்டு எடுத்து ரசுமோவ்ஸ்கி குவார்ட்டெட்ல (நாலு தந்தி வாத்தியத்துக்கு எழுதினது) வெச்சார். ஆனா அதுல ஒரே ஒரு மெட்டு, அதுக்கு அடியில பியானோவுக்கு ஐரோப்பா ஸ்டைல்ல போட்ட ஹார்மனி, அதாவது மெட்டோட சேர்ந்து ஒலிக்கிற துணைச் சுரங்கள், அவ்வளவுதான். பலாகிரெவ்ங்கிற இசையமைப்பாளர் 1866ல போட்ட 40 பாட்டுத் தொகுப்புல ஹார்மனி ரஷ்ய மெட்டுக்கு எவ்வளவோ பக்கத்துல வந்துச்சு, அப்பவும் மெட்டு ஒண்ணுதான், மிச்சமெல்லாம் பியானோ. கிராமத்துக்காரங்க ஒரு மெட்டைப் பாடுறாங்க, சுத்தி இருக்கிறவங்க சும்மா கூடச் சேந்து கத்துறாங்கன்னுதான் ரொம்பப் பேரு நெனச்சாங்க. 1879ல யூலி மெல்குனோவ் அந்தக் கிளைக் குரல்களையும் எழுதி வெளியிட்டப்போ, நல்ல நல்ல இசைக்காரங்களே நம்பல. அப்புறம் பால்ச்சிக்கோவ்னு ஒருத்தர், உஃபா மாகாணத்துல நிகலாயெவ்கான்னு ஒரே ஒரு கிராமம், அங்க இருந்தவங்களைத் தனித்தனியா பாடச் சொல்லி ஒவ்வொரு குரலையும் வேற வேறயா எழுதி 1888ல புக்கா போட்டார். அவர் கண்டு சொன்னது எனக்கு இன்னைக்கும் புல்லரிக்க வைக்கிற விஷயம்: இதுல பக்கவாட்டுல துணைக்குப் போற குரல்னு ஒண்ணே இல்ல, ஒவ்வொரு குரலும் அந்த மெட்டுதான், எல்லாம் சேர்ந்ததைத்தான் பாட்டுன்னு சொல்லணும்.

அடுத்து வந்தாங்க யெவ்கேனியா லின்யோவா. இவங்க மேடைப் பாடகி, 1890கள்ல அமெரிக்காவுல ரஷ்யக் கோரஸ் நடத்தினவங்க. திரும்பி வந்து 1897லேருந்து சத்தத்தைப் பதிவு பண்ற ஃபோனோகிராஃப் மெஷினைத் தூக்கிக்கிட்டு கிராமம் கிராமமா போனாங்க. மெழுகு உருளை, ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல பிடிக்காது, அதனால பாட்டோட முதல் சில அடி மட்டும்தான் சத்தமா கிடைக்கும், மிச்ச வரிகளை எழுதிக்கணும். அந்த உருளையைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு குரல் குரலா பிரிச்சு எழுதி 1904ல முதல் தொகுதியா வெளியிட்டாங்க. அதுல லூச்சினூஷ்காவும் இருக்கு. மெஷினே சாட்சி சொன்னதுக்கு அப்புறம்தான் சந்தேகப்பட்டவங்க வாயடைஞ்சாங்க. ரொம்ப நாள் கழிச்சு மாஸ்கோ கன்சர்வேட்டரி ஆளுங்க, ருத்நேவா, ஷூரோவ் இவங்கள்லாம், பாடுற ஒவ்வொருத்தர் முன்னாடியும் தனித்தனி மைக் வெச்சுப் பதிவு பண்ணாங்க, 1979ல அந்த நொட்டேஷன் புத்தகமா வந்துச்சு. பால்ச்சிக்கோவ் காதால பண்ணதை இவங்க டேப்பால பண்ணாங்க, கிடைச்ச பதிலும் அதேதான்.

இப்ப வார்த்தைக்கு வருவோம், ரஷ்ய மொழி தெரிஞ்சவங்களுக்கே இந்தப் பாட்டு சரியா புரியாம போறதுக்குக் காரணம் இங்கதான் இருக்கு. பாட்டு ஒரு வார்த்தையைப் பாதியில உடைக்கும். 'லூச்சி...'ன்னு நின்னுடும், ஒரு 'ஓய்' வரும், அப்புறம் முழுசா 'லூச்சினூஷ்கா'ன்னு எடுப்பாங்க. ஒரு அடியோட கடைசி வார்த்தை அங்க முடியாம அடுத்த அடியோட தொடக்கத்துல போய் முடியும். ஒரு அசையையே எட்டு பத்து சுரத்துக்கு வளைச்சு வளைச்சுக் கொண்டு போவாங்க. ரெண்டு மெய்யெழுத்து ஒட்டி வந்தா நடுவுல ஒரு உயிர் ஓசையைச் செருகிடுவாங்க, 'வ்ஸ்யோ' மாதிரி நாக்குல இடிக்கிற வார்த்தை கூட அப்போ வாய்ல மிதக்க ஆரம்பிச்சிடும். 'ஓய் தா', 'ஏ', 'தா வோத்' மாதிரி சின்னச் சின்ன சத்தங்களை நடுநடுவுல போடுவாங்க, அதுக்கு அர்த்தம் தேடாதீங்க, அடுத்த அலை கிளம்புறதுக்கு அது ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

மூச்சு இன்னொரு பெரிய விஷயம். எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு எடுத்தா சத்தம் அறுந்துடும். அதனால பக்கத்துல இருக்கிறவங்க எடுக்கும்போது நீங்க எடுக்க மாட்டீங்க, நீங்க எடுக்கும்போது அவங்க பிடிச்சிருப்பாங்க. வார்த்தையோட நடுவுல கூட மூச்சு எடுக்கலாம், சத்தம் காட்டாம விட்டு, சத்தம் காட்டாம வந்து ஒட்டிக்கணும். இப்படிப் பண்ணா பாட்டு நிக்கவே நிக்காது, அடி முடியுற அந்த ஒண்ணு கூடுற இடத்துல மட்டும்தான் நிக்கும். ஸ்கூல், சர்ச் கோரஸ்ல பழகினவங்களுக்கு இது ரொம்ப கஷ்டம், ஏன்னா அங்க எல்லாரும் கண்டக்டர் கையைப் பார்த்து ஒண்ணா மூச்சு எடுக்கப் பழகியிருப்பாங்க. நான் வரோனேஷ்ல இருந்தப்போ ஒரு சின்னப் பாட்டுக் குழுவோட உக்காந்து பழகினேன், அங்க நடத்தின அம்மா எங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுத்தது சுரமும் இல்ல வரியும் இல்ல, முட்டியும் முட்டியும் இடிக்கிற அளவு நெருங்கி வட்டமா உக்காந்து பக்கத்து ஆளோட விலா எப்ப விரியுதுன்னு உணரச் சொன்னதுதான். அது பிடிபட்டதுக்கு அப்புறம்தான் வரியே குடுத்தாங்க.

குரல் எப்படி இருக்கணும்ங்கிறது ஊரைப் பொறுத்தது. 'ரஷ்ய ஸ்டைல்'னு ஒண்ணு இல்லவே இல்ல. தெற்குல பெல்கரோத், வரோனேஷ், கூர்ஸ்க் பக்கம் பொண்ணுங்க நெஞ்சுக் குரல்ல தொண்டையைத் திறந்து பேசுற மாதிரியே பலமா பாடுவாங்க, வைப்ரேட்டோ, அதாவது குரலை அதிர விடுறது, துளி கூட இருக்காது, முதல் தடவை கேக்குறவங்க கத்துறாங்கன்னு நெனைப்பாங்க. வெட்டவெளியில தூரத்துக்குப் போய்ச் சேரணும்னு வளர்ந்த குரல் அது. அங்க வட்டமா ஆடுற கரகோத் ஆட்டத்துல ஒரு கூட்டம் ஒரு கணக்குல கால் தட்டும், இன்னொருத்தர் அதுக்குக் குறுக்கால வேற கணக்குல தட்டுவாங்க, அந்த ரெண்டு தட்டுக்கும் மேல பாட்டு ஓடிக்கிட்டிருக்கும். வடக்குல பினேகா, மெசென் ஆத்துப் பக்கம் போனா எல்லாமே அடங்கி இருக்கும், குரல் மென்மை, நடை மெதுவு. மேற்குல ஸ்மொலென்ஸ்க், பிரியான்ஸ்க் பக்கம் வசந்தத்தைக் கூப்பிடுற பாட்டு ஒவ்வொரு அடியும் மேல நோக்கி ஒரு கூவலோட முடியும், காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களைக் கூப்பிடுற மாதிரி. டான் ஆத்துப் பக்கத்துக் கசாக்குங்க, அதாவது குதிரைவீரர் சமூகம், அவங்க கிட்ட வேற கதை, அங்க ஆம்பளைங்க பாட்டு, கீழ தடிமனா குரல்கள் வார்த்தையோட போகும், ஒரே ஒரு ஆள் மட்டும் எல்லாத்துக்கும் மேல வார்த்தையே இல்லாம உயிர் ஓசையில தனியா மிதப்பான், அதுக்கு திஷ்கான்ட்டுன்னு பேரு. அந்த மேல் குரல் நல்லா அமைஞ்ச குழுவைக் கேட்டுட்டீங்கன்னா வேற கசாக் பாட்டு ரெக்கார்டு எதுவும் கொஞ்ச நாளைக்குப் பிடிக்காது.

இன்னும் தூரமா போனா சைபீரியாவுல பைக்கால் ஏரிக்கு அந்தப் பக்கம் செமேய்ஸ்கியேன்னு ஒரு சமூகம். பழைய சடங்கு முறையை விடமாட்டோம்னு பிடிவாதமா நின்ன கிறிஸ்தவங்க, 18ஆம் நூற்றாண்டுல கேத்தரின் ராணி காலத்துல குடும்பம் குடும்பமா அங்க கொண்டு போய் விடப்பட்டவங்க. 2001ல யுனெஸ்கோ இவங்க பண்பாட்டையும் பாட்டையும் மனிதகுலத்தோட மரபுச் செல்வம்னு அறிவிச்சுது. இவங்க பாட்டு ரொம்ப அடர்த்தியானது, அசைகளை இழுத்துச் செருகி உடைச்சுப் பாடுறதுல ரஷ்யர்களுக்கே வார்த்தை பிடிபடாது. ஆரம்பத்துலயே இதைக் கேட்டு வெறுத்துடாதீங்க.

சோகம் ஏன்? எல்லாமே சோகமில்ல, அதை முதல்ல சொல்லணும். டான்ஸ் பாட்டு, கேலிப் பாட்டு, 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில கிளம்பின நாலு வரி சஸ்தூஷ்கான்னு சிரிக்க வைக்கிற சரக்கு ஏராளம், அதுல சிலதை இங்க எழுதவே முடியாது. ஆனா இழுத்துப் பாடுற பாட்டு வளர்ந்த காலத்தைப் பாருங்க. 1861 வரைக்கும் பண்ணையடிமை முறை, ஆளை நிலத்தோட சேர்த்து விக்கலாம். ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிறது 1705ல பீட்டர் ராஜா காலத்துல ஆரம்பிச்சது, முதல்ல ஆயுள் முழுக்க, 1793லேருந்து 25 வருஷம். போற பையன் திரும்பி வருவான்னு யாரும் நம்பல, அனுப்பும்போதே செத்தவனுக்கு வைக்கிற மாதிரி ஒப்பாரி வெச்சாங்க. பொண்ணுங்களுக்குக் கல்யாணம்னா பெத்த வீட்டை விட்டுப் போறது, புது வீட்ல எல்லாருக்கும் கீழ நிக்கிறது, கல்யாணத்துக்கு முன்னாடி மணப்பெண் அழுதே ஆகணும்ங்கிறது சடங்காவே இருந்துச்சு. லூச்சினூஷ்கா பாடுற பொண்ணு இதுலேருந்து வந்தவதான்.

ஆனா இந்தப் பாட்டைப் பாடுறவங்க அழுதுக்கிட்டுப் பாடுறதில்ல, இதை வெளியாளுங்க கவனிக்கிறதே இல்ல. முகம் ஏறக்குறைய அசையாது. கை ஆட்ட மாட்டாங்க, கண்ணை மூடி உருக மாட்டாங்க, சோகமான வரியில குரலை நடுங்க விட மாட்டாங்க. நேரா உக்காந்து நேரா பாடுவாங்க, சில பேர் மேஜையைப் பார்த்துக்கிட்டே. விருந்துல, பண்டிகையில, எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு சந்தோஷமா இருக்கும்போதுதான் ரொம்ப சோகமான பாட்டை எடுப்பாங்க, பாடி முடிச்சதும் ஒரு நிம்மதி வரும். பாட்டுல இருக்கிற பாரத்தை அஞ்சாறு பேர் குரலால சமமா தூக்கும்போது தனியா ஒருத்தர் நடிச்சுக் காட்ட என்ன இருக்கு? ரஷ்ய எழுத்தாளர் துர்கேனெவ் 1850ல எழுதின 'பாடகர்கள்' கதை படிச்சிருந்தா உங்களுக்கு இது புரியும். சாராயக்கடையில பாட்டுப் போட்டி, ஒருத்தர் டான்ஸ் பாட்டை அத்தனை நகாசு வேலையோட பாடிக் கைதட்டு வாங்கிடுறார், அடுத்து யாஷ்காங்கிற பையன் வயல்ல போற பாதைகளைப் பத்தின இழுவைப் பாட்டை எடுக்குறான், ஆரம்பத்துல குரலே சரியா எழும்பல, வித்தை எதுவும் இல்ல, ஆனா கடை முழுக்கக் கண் கலங்கிப் போகுது. அது தனியாப் பாடினது, இந்த வகையைத் தனியாவும் பாடுவாங்க, பாடுற முறை மட்டும் அதேதான்.

இதை மேடையில ஏத்தினப்போ என்ன ஆச்சுங்கிறதையும் சொல்லணும், ஏன்னா நீங்க இணையத்துல கேக்குறது பெரும்பாலும் மேடைதான். 1911ல மித்ரஃபான் பியத்னித்ஸ்கி வரோனேஷ், ரியாசான், ஸ்மொலென்ஸ்க் மாகாணத்து விவசாயிகளையே மாஸ்கோவுக்குக் கூட்டிட்டு வந்து, வீட்ல பாடுற மாதிரியே பாடுங்கன்னு மேடையில உக்கார வெச்சார். மாஸ்கோ ஜனங்க மிரண்டு போனாங்க. அவர் 1927ல இறந்ததுக்கு அப்புறம் அந்தக் குழு பெருசாச்சு, அக்கார்டியன் வாத்தியங்கள் வந்துச்சு, டான்ஸ் குரூப் வந்துச்சு, புதுசா கம்போஸ் பண்ண பாட்டு வந்துச்சு, நாடு முழுக்க அதே மாடல்ல அரசுக் கோரஸ் முளைச்சுது. ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி சிரிப்பு, எழுதி வெச்ச பார்ட். அதுல அபாரமான தனிக் குரல்கள் இருந்தாங்க, ஆனா ஒவ்வொரு அடியும் மாறுற, குரலுக்குக் குரல் நடக்கிற அந்தப் பேச்சுவார்த்தை காணாம போச்சு. 1973ல திமீத்ரி பக்ரோவ்ஸ்கி மாஸ்கோவுல ஒரு சின்னக் குழு ஆரம்பிச்சார், இசை படிச்ச நகரத்து இளைஞர்கள், கிராமத்துக்குப் போய் பாட்டிங்க பக்கத்துலயே உக்காந்து அந்தக் குரல், அந்த மூச்சு, அந்தக் கால் தட்டு எல்லாத்தையும் உடம்புல ஏத்திக்கிட்டு வந்தாங்க, ஆடியன்ஸைப் பார்க்காம ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பாடினாங்க. இன்னைக்கு ரஷ்யாவுல ஊருக்கு ஊர் இருக்கிற இளைஞர் பாட்டுக் குழுக்களுக்கு அவர் ஒரு பெரிய வழிகாட்டி.

'ஏய் ஊஹ்நெம்', அதான் வோல்கா படகு இழுக்கிறவங்க பாட்டு, அதுலயும் இதே வித்தியாசம்தான். ஷாலியாப்பின்ங்கிற ஓபரா பாடகர் பாடினது உலகம் பூரா போச்சு, எனக்கும் உயிர். ஆனா சன்னமா ஆரம்பிச்சு, முழங்கி, திரும்ப சன்னமா போய், படகு தூரத்துலேருந்து வந்து கடந்து போற மாதிரி பாடுறது மேடைக் கலை. கரையில நின்னு அதை வேடிக்கை பார்க்கிறவன் காது அது. கயிறு தோள்ல இருக்கிறவனுக்கு அந்தப் பாட்டு எல்லாரும் ஒரே நொடியில இழுக்கிறதுக்கான குரல், 'இன்னும் ஒரு தடவை'ங்கிறது அவனுக்கு நிஜமாவே இன்னும் ஒரு தடவை.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேப்பீங்க. பெல்கரோத் கிராமத்துப் பதிவுகள்ல ஆரம்பிங்க, ரெண்டு மூணு குரல்தான், காதுக்குப் பிரிச்சுக் கேக்க சுலபம். ஹெட்ஃபோன் போட்டு ஒரே பாட்டைப் பல தடவை கேளுங்க, ஒரு தடவை கீழ்க் குரலை மட்டும் பிடிச்சுக்கிட்டுப் போங்க, அடுத்த தடவை மேல் குரலை, மூணாவது தடவை யார் எங்க மூச்சு விடுறாங்கன்னு மட்டும். அப்புறம் கசாக், அப்புறம் வடக்கு, கடைசியா செமேய்ஸ்கியே. தேடும்போது ஊர்ப் பேரோட 'களப்பதிவு'ங்கிறதுக்கான ரஷ்ய வார்த்தையையும் ரஷ்ய எழுத்துல போட்டுத் தேடுங்க, வெறும் 'நாட்டுப்புறப் பாட்டு'ன்னு தேடினா திரும்ப கலிங்காதான் வரும்.

பாடிப் பார்க்கணும்னா தனியா முயற்சி பண்ணாதீங்க, இன்னும் ரெண்டு பேரைப் பிடிங்க. எதிரெதிரா நெருங்கி உக்காருங்க, நின்னுக்கிட்டு வரிசையா வேண்டாம். மூணு பேரும் முதல்ல ஒரே மெட்டைப் பல நாள் பாடுங்க, அது சலிக்க ஆரம்பிச்சதும் ஒருத்தர் தானா கொஞ்சம் விலகுவார், அவரைத் திருத்தாதீங்க, விலகினவர் அடியோட கடைசி சுரத்துக்கு மட்டும் கண்டிப்பா வந்து சேரணும். அந்த ஒரு விதியை மட்டும் யாரும் மீறக் கூடாது, மத்த எல்லாத்தையும் பாட்டுலயே பேசித் தீர்த்துக்கலாம்.